தாளிப்பு மட்டும் அம்மாவுடையது

பூண்டு உரித்த விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் எரிச்சலும், சாத்திய ஜன்னலுக்குள் வெளியேற வழியில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும் புளிக்குழம்பின் ஆவியும் சேர்ந்ததுதான் என் சிறுவயது ஞாயிற்றுக்கிழமை. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் வீடு இரண்டு அறையும் ஓர் அடுப்படியும்தான். மற்ற நாட்களில் விடிந்ததும் திறந்தால் படுக்கப் போகும்வரை சாத்தாத தெருக்கதவு, அன்று மட்டும் காலை எட்டு மணிக்கெல்லாம் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும். டிவியைச் சத்தமாக வைத்துவிடுவோம். மாடியிலிருக்கும் வீட்டுக்காரம்மா இறங்கி வந்து "ஊட்டா ஆய்த்தா?" என்று கன்னடத்தில் கேட்டுக் கதவைத் தட்டினால், சாப்பிட்டாகிவிட்டது என்று சொல்லி வாசலோடு அனுப்பி வைப்பது என் வேலை. உள்ளே லுங்கியை மடித்துக் கட்டி, தோளில் துண்டோடு, வேர்க்க விறுவிறுக்க ஆறு நாளைக்கான குழம்பையும் கூட்டையும் ஆக்கிக்கொண்டிருந்தவர் என் அப்பா. அது வெளியே ஒருவருக்கும் தெரியக்கூடாது.

நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள். அப்பா சுரங்கத்துக்கு அடியில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு, பிழைப்புத் தேடி ரயிலேறியவர்களோடு அவரும் பெங்களூருக்கு வந்து, ஊர்க்காரர்கள் நான்கு பேரோடு ஒரே அறையில் இரண்டு வருடம் தங்கியிருந்தார். அங்கே முறை வைத்துச் சமைப்பார்களாம். மற்றவர்கள் தங்கள் முறை வந்தால் உப்புமாவோடு முடித்துக்கொள்ள, அப்பாவுக்கு மட்டும் அதில் கை படிந்துவிட்டது. பிறகு கால் சென்டர் ஊழியர்களை ஏற்றி இறக்கும் வண்டியில் ஓட்டுநர் வேலை நிலைத்ததும் என்னையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டார். அம்மாவுக்கு ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்தது. அப்பா சாயங்காலம் கிளம்பிக் காலையில் வருவார். அம்மாவின் ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். எனக்குப் பள்ளிக்கூடம், அது விட்டால் டியூஷன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் விழித்திருந்தது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

முதல் வருடம் முழுக்கப் பேக்கரி பன்னும் ஓட்டல் பார்சலுமாகத் தின்று எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. அம்மா லீவு கேட்டுக் கிடைக்காமல், யூனிபார்மைப் போட்டுக்கொண்டே அழுதாள். நான் எழுந்து நடமாடத் தொடங்கிய வாரத்தில் அப்பா, வியாபாரம் ஓடாமல் மூடிய ஒரு கடையிலிருந்து, ஐஸ்கிரீம் வைத்து விற்கிற பெட்டி ஒன்றைத் தள்ளுவண்டியில் ஏற்றி வந்து கூடத்தில் இறக்கினார். மூடியை மேலே தூக்கித் திறக்கிற பெட்டி, இரண்டு பேர் உட்காரும் அகலம். நாங்கள் அதை "ஐஸ் பொட்டி" என்றோம். அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் கதவு சாத்தப்பட்டது.

அப்பா சமையலைச் சுரங்க வேலைபோலவே ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். டப்பாக்களைக் கிழமை பார்த்து அடுக்க மாட்டார். "மொத சிப்டு", "ரெண்டாஞ் சிப்டு", "நைட்டு" என்று யார் எப்போது சாப்பிடுவார்களோ அதைப் பார்த்து அடுக்குவார். ஐஸில் உருளைக்கிழங்கு மாவாகிப்போகும், அதனால் அது கூடாது. தேங்காய் அரைத்து ஊற்றியது திரிந்துவிடும், அதற்குப் பதில் வேர்க்கடலை. பருப்பை ஒரு விசில் குறைத்து இறக்கினால்தான் திரும்பச் சுடவைக்கும்போது பதமாக இருக்கும். இதெல்லாம் அவரே பல ஞாயிற்றுக்கிழமைகள் கெடுத்துப் பார்த்துக் கண்டுபிடித்தவை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம் வைத்திருந்தார்: எந்தக் குழம்பையும் தாளிக்காமல்தான் உள்ளே வைக்க வேண்டும், தாளிப்பு அன்றன்றைக்கு.

அந்தச் சட்டம் ருசிக்காக வந்தது, ஆனால் எங்களைக் காப்பாற்றியதும் அதுதான். வார நாளில் யாராவது வந்துவிட்டால் அம்மா ஒரு டப்பாவை எடுத்து வெந்நீரில் வைத்துக் கரைத்து, வாணலியில் எண்ணெய் விட்டுக் கடுகும் கறிவேப்பிலையும் போடுவாள். வீடு முழுக்க மணக்கும். வந்தவர்கள் அம்மாதான் சமைத்தாள் என்று நினைத்துக்கொள்வார்கள். நாங்கள் யாரும் பொய் சொல்ல வேண்டியதே இல்லை.

இதில் மறைக்க என்ன இருக்கிறது என்று இன்று கேட்பார்கள். கல்யாணத்தில் ஆயிரம் பேருக்கு ஆக்கினால் அவர் மாஸ்டர். வீட்டில் பொண்டாட்டிக்கு ஒரு குழம்பு வைத்தால் அவன் பெயர் வேறு. தங்கவயலில் சுரங்கக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில், அப்பாவின் வீட்டுக்கு எதிர்வரிசையில் ஒருவர் இருந்தாராம். மனைவிக்கு மசால் அரைத்துக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, அவருக்கு "ஆட்டுக்கல்லு" என்று பெயர் வைத்துவிட்டார்கள். சுரங்கத்துக்குள் இறங்குகிற கூண்டில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்களாம், அவர் பிள்ளைகளுக்கும் அதுவே பெயராகிவிட்டதாம். அப்பா இதை என்னிடம் சொன்னபோது வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நானும்தான் கூப்ட்டேன் கண்ணு. நல்லா சிரிச்சிக்கினே கூப்ட்டேன். ஊர் வாய மூட உலைமூடி இல்ல. நீ யாருகிட்டயும் சொல்லாத."

"சொல்ல மாட்டேன் நைனா" என்று நான் அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

மறைக்க வேண்டியவர்களில் முதல் ஆள் அப்பாவின் தங்கை, சம்பூரணம் அத்தை. தங்கவயலிலேயே இருந்த அத்தை மாதம் ஒரு முறையாவது ரயிலேறி வந்துவிடுவார். அன்பானவர், ஆனால் அவர் வாயில் விழுந்தது மறுநாள் லைன் முழுக்கத் தெரிந்துவிடும். ஐஸ் பொட்டியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "ஆறின கஞ்சி பழங்கஞ்சின்வாங்க. நீங்க வாரக்கணக்குல ஐஸ்ல வெச்சித் துன்றீங்களே" என்று தலையில் அடித்துக்கொள்வார். பிறகு உட்கார்ந்து, கத்திரிக்காய் கருவாட்டுக் குழம்பை இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டு, "இன்னா சொல்லு, எங்க அண்ணிக்குக் கைமணம் அப்பிடி" என்பார். எதிரில் உட்கார்ந்திருக்கும் அப்பா தலையை நிமிர்த்தாமல், "ம், சுமாரா கீது" என்பார். அத்தை உடனே அண்ணியின் பக்கம் சேர்ந்துகொண்டு அண்ணனைத் திட்டுவார். அப்பாவின் காது மடல் சிவந்துவிடும். அவ்வளவு சந்தோஷமாக அவரை வேறெப்போதும் நான் பார்த்ததில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயதாகும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அப்பா வேலை முடிந்து வந்து, டீ குடித்துவிட்டுப் படுத்தார். பத்து மணிக்கு அம்மா எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை. எத்தனையோ பேரின் நாடியைப் பிடித்துப் பார்த்த அம்மா, அவர் மணிக்கட்டை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து என்னை யாரோ அழைத்து வந்தார்கள்.

மதியத்துக்குள் தங்கவயல் சனம் வந்து சேர்ந்தது. சம்பூரணம் அத்தை அண்ணனின் காலைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையை என்னால் எழுத முடியாது. அழுது முடித்ததும், சாவு வீட்டில் யாராவது ஒருத்தர் செய்தாக வேண்டியதைச் செய்ய, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு எழுந்தார். குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்தார். அடுப்பின்மேல் இருந்த சோற்றைக் கொட்டினார். சாவு விழுந்த வீட்டில் ஆக்கி வைத்ததும் பிடித்து வைத்ததும் ஆகாது, எங்கள் பக்கத்தில் அது வழக்கம். அதன்பின் அவர் கண் ஐஸ் பொட்டியின்மேல் போனது.

"இதுலயும் ஆக்கி வெச்சதுதான கீது? எடுங்கடி எல்லாத்தயும்."

அதில் பதினான்கு டப்பாக்கள் இருந்தன. முந்தாநாள் நானும் அப்பாவும் சேர்ந்து அடுக்கியவை. பெண்கள் கைக்குக் கை மாற்றி வெளியே கொண்டுபோனார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா டப்பாக்களைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், கடைசியில் தரையைப் பார்த்தாள். நானாவது சொல்லியிருக்கலாம். அது நைனா ஆக்கினது, கொட்டாதீங்க என்று நான்கே வார்த்தைகள்தான். சத்தியம் செய்திருக்கிறோமே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது பயம். நடுக்கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருக்க, அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள் என்ற பயம்.

தெருமுனையில் இருந்த குப்பைத் தொட்டியில் அவை விழுந்தபோது கல் விழுவதுபோல் சத்தம் கேட்டது. எல்லாம் உறைந்து கிடந்ததால் எந்த வாசனையும் வரவில்லை. ஏதாவது ஒன்றுக்கு மணம் இருந்திருந்தால் யாராவது ஒருத்தர் கை தயங்கியிருக்கும் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். அப்பாவைத் தூக்கும்போது சாயங்காலம் நான்கு மணி ஆகிவிட்டது. எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை, தெருமுனை வரைதான். அங்கே போய் நின்றபோது, மதிய வெயிலில் எல்லாம் கரைந்து, தொட்டியிலிருந்து அப்பாவின் பூண்டுக் குழம்பு வாசனை வந்தது. அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். புருஷனைக் கொண்டுபோகிறார்களே என்று உட்கார்ந்ததாக எல்லாரும் அவளைத் தாங்கிப் பிடித்தார்கள்.

அன்று ராத்திரி முழுக்க, அதன்பின் காரியம் முடியும்வரை, வந்தவர்கள் எல்லாரும் ஒரே பேச்சாகப் பேசினார்கள்: "வேலைக்கும் போய்க்கினு, புருசனுக்கும் புள்ளைக்கும் ஒரு பொட்டி நெறைய ஆக்கி வெச்சிருந்தா பாரு. குடுத்து வெச்சவன்." அம்மா மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டாள். எனக்கு அவளை அப்போது பிடிக்காமல் போனது. அப்பாவுக்குச் சேர வேண்டியதைத் தன்னுடையதாக்கிக்கொண்டாள் என்று நினைத்தேன். அந்த நினைப்போடு பத்து வருடம் அவளுடன் ஒரே வீட்டில் இருந்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன், அவள் வைத்ததைத் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பேன். ஐஸ் பொட்டியைக் காயலான் கடைக் குஜரிக்காரர் பழைய இரும்பு விலைக்கு எடுத்துப்போன அன்றுகூட நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து முதல் தீபாவளி. துணி எடுக்கச் சிவாஜிநகருக்குப் போய்விட்டுப் பஸ்ஸுக்கு நிற்கும்போது, எதற்கோ ஆரம்பித்த வாய்ச்சண்டை அப்பா இறந்த நாளில் போய் முடிந்தது. "அன்னிக்கி ஏம்மா வாயே தொறக்கல? நைனா ஆக்குனத உன் பேர்ல ஏன் வெச்சிக்கினே?" என்று கேட்டேவிட்டேன். அம்மா பையைக் கீழே வைத்தாள். கோபப்படவில்லை.

"உங்கப்பா அத்தினி வருசமா கதவச் சாத்திக்கினு ஆக்குனாரு. அவுரு செத்துக் கெடக்குறப்போ நான் போயி அந்தக் கதவத் தொறந்து வுடட்டுமா? எல்லாரும் பாத்துச் சிரிக்கட்டும்னா?"

பஸ்ஸில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பத்து வருடத்தில் அதுதான் முதல் தடவை.

இப்போது என் வீட்டில் இரண்டு கதவுள்ள பெரிய ஃப்ரிட்ஜ் இருக்கிறது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்தான் வாரத்துக்கானதைச் சமைத்து அடுக்குகிறார். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்தே இருக்கும். போனை நிறுத்தி வைத்துச் சமையலை வீடியோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார்; அவர்களும் கரண்டியோடு நிற்கிற படங்களைத் திருப்பி அனுப்புவார்கள். ஆண் சமைப்பதற்கு வெட்கப்பட வேண்டியிருந்த காலம் எங்கள் மனிதர்களிடமிருந்து போய்விட்டது. எந்த வருடத்தில் போனது என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் அதை எதிர்த்துச் சண்டை போட்டதாகக்கூட நினைவில்லை. அது போனதில் எனக்குச் சந்தோஷம்தான். கொஞ்சம் முன்னாலேயே போயிருக்கக்கூடாதா என்கிற வயிற்றெரிச்சலும் உண்டு.

போன மாதம் சம்பூரணம் அத்தை கண் ஆபரேஷனுக்காக வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என் கணவர் ஆக்கிப் பரிமாற, அத்தை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டே, "மாப்ள எம்மா நல்லா ஆக்குறாரு! குடுத்து வெச்சவ நீ" என்றார். குரலில் கேலி துளியும் இல்லை. அது எனக்குத் தாங்கவில்லை. என் கணவர் அடுப்படிக்குள் போனதும் சொல்லிவிட்டேன்.

"அத்தே, அன்னிக்கி ஐஸ் பொட்டியில இருந்து நீங்க கொட்டுனதெல்லாம் நைனா ஆக்குனது. எப்பவுமே அவருதான் ஆக்குவாரு."

அத்தைக்கு முதலில் விளங்கவில்லை. கறுப்புக் கண்ணாடி வழியாக என் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டில் இருந்த கையை எடுக்காமல் கேட்டார்.

"அந்த டப்பாவுல இன்னா இன்னா இருந்துச்சி?"

நான் சொன்னேன். கத்திரிக்காய் கருவாட்டுக் குழம்பு இரண்டு, பூண்டுக் குழம்பு மூன்று, கொள்ளுக் கடையல், மொச்சைக் கொட்டைக் குழம்பு, கீரை மசியல், கோழிக் குழம்பு என்று பதினான்கையும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், நான் எழுந்து போய்க் கண்ணாடியைக் கழற்றி, கன்னத்தில் இறங்கியதைத் துண்டால் ஒற்றியெடுத்தேன்.

"ஒரு வாயி துன்னுட்டாவது கொட்டியிருப்பனே, கண்ணு" என்றார் அத்தை.