நான் வெட்டிய வெள்ளி நூல்

என் மகள் ரூபி நாலு வருஷம் செய்த ஆராய்ச்சியை ஒரே சாயங்காலத்தில் நான் வெட்டிப் போட்டேன். அதை ஆண்டவர் எப்படிச் சரியாக்கினார் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். திருப்பூருக்கு வந்து இருபது வருஷம். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறேன். தைத்து வரும் துணியில் தொங்குகிற நூலையெல்லாம் வெட்டுவதுதான் வேலை. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. ரூபி டிப்ளமோ முடித்து, இன்ஜினியரிங், அதற்கு மேலே, கடைசியில் ஆராய்ச்சி என்று போனாள். பச்சைப் பிள்ளைகளின் மூச்சை அளக்கிற பனியன் துணிதான் அவள் ஆராய்ச்சி. துணிக்குள் வெள்ளி நூல் ஓடும்.

அந்தச் சனிக்கிழமை ஆறு துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். திங்கட்கிழமை பரீட்சை வைக்கிற பெரியவர்கள் முன்னால் மிஷினில் மாட்டிக் காட்ட வேண்டும். அவள் குளிக்கப் போனாள். துண்டுகளின் ஓரத்தில் நூல் தொங்கியது. ஆறையும் சுத்தமாக வெட்டி மடித்து வைத்தேன். மகளுக்கு ஒரு உதவி செய்த சந்தோஷம்.

ரூபி வந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது, மிஷினில் மாட்ட வேண்டிய வெள்ளி நூல் நுனியே அதுதான் என்று. வேறு நூல் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்.

அவள் திட்டவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "யம்மா, ஒனக்கு அது பிசிறுதான. நாந்தான் சொல்லிருக்கணும்" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் சபையில் எனக்குப் பாட வரவில்லை. "ஆண்டவரே, இவ படிப்புக்கு நான் ஒண்ணும் செஞ்சதில்ல. கெடுத்தவளா மட்டும் என்னைய விட்டுறாதேயும்." அவ்வளவுதான் ஜெபம். முடிக்குமுன் மனதில் வந்தது: பின்னல் துணி பிரியுமே. ஓரத்தில் நாலு கண்ணி பிரித்தால் உள்ளே ஓடுகிற வெள்ளி நூலின் நுனி வெளியே வரும்.

வீட்டுக்கு வந்து ஊசியை எடுத்தேன். ரூபி துணியைப் பிடித்தாள். நூல் தலைமுடி மாதிரி மெல்லிசு. ஒன்று அறுந்தது. ஐந்து வந்தன. பிரித்த இடம் மேலே மேலே பிரிந்து ஓடாமல் தைத்தேன். "அஞ்சு போதும்மா" என்றாள்.

திங்கட்கிழமை ஐந்தும் வேலை செய்தன. நுனியைப் பார்த்த ஒரு பெரியவர், இவ்வளவு பக்குவமாக யார் எடுத்தது என்று கேட்டிருக்கிறார். "எங்கம்மா சார். வெட்டுனதும் அவங்கதான்" என்றாளாம். எல்லோரும் சிரித்தார்களாம். அவளுக்கு வழிகாட்டிய டீச்சரம்மா எனக்குப் போன் செய்தார். "ஏனுங்கம்மா, உங்க ரூபிக் கண்ணு இனி டாக்டருங்க" என்றார்.

இப்போது ரூபி ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். முன்பு அவள் படிப்பைப் பற்றிக் கேட்கக் கூச்சப்படுவேன். இப்போது கேட்கிறேன். சொல்கிறாள். பாதி புரிகிறது.

ஆண்டவருக்கு நன்றி. கெடுத்துவிட்டோமே என்று ஒளிந்திருக்கிறவர்கள் அதை அப்படியே அவரிடம் கொண்டு போங்கள். என்னைத் தள்ளாதவர் உங்களையும் தள்ளமாட்டார்.