பொம்மை இறங்கி ஆள் ஏறும் நாள்

சத்தம் தாங்கவில்லை என்று புகார் சொல்லத்தான் அவள் முதல் படத்தை எடுத்தாள். அவள் வீடு ஐந்தாவது மாடியில். படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே பொழுதுபோக்குப் பூங்காவின் பின்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் லாரி லாரியாக இரும்பு வந்து இறங்கியது. எல்லாம் பச்சை நிறம், எல்லாம் வளைவு. பெரிய மீன் ஒன்றின் முதுகெலும்பைத் துண்டு போட்டு அடுக்கியதுபோல் கிடந்தன. படத்தைப் பூங்காவின் முகநூல் பக்கத்தில் போட்டு, "மனுஷங்க தூங்க வேண்டாமா?" என்று கீழே எழுதினாள்.

பத்து நிமிடத்தில் பதினோரு பேர் பதில் போட்டார்கள். ஒருவர்கூடச் சத்தத்தைப் பற்றிப் பேசவில்லை.

"அக்கா, இடது ஓரத்துத் துண்டுல ஒரு நம்பர் இருக்கே, அது ஏழா ஒண்ணா?"

"இது உங்க வீட்டு ஜன்னலா? தெனமும் இப்படித்தான் தெரியுமா?"

"கொடுத்து வெச்சவங்க."

அவளை யாரும் கொடுத்து வைத்தவள் என்று அதுவரை சொன்னதில்லை. எட்டிப் பார்த்தாள். ஏழுதான்.

அவளுக்கு வயது நாற்பத்தேழு. செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் பத்தொன்பது வருடமாக வேலை. பல் டாக்டர்கள் அனுப்பும் ஈறு அச்சில் மாவுக்கட்டுக்குப் போடும் வெள்ளை மாவைக் கலந்து ஊற்றி, மெழுகில் பல் நட்டு, வேகவைத்து, கடைசியில் சக்கரத்தில் பிடித்து மெருகேற்ற வேண்டும். ஐந்து பேர் ஐந்து மேசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். சக்கரம் ஓடும்போது பக்கத்து மேசைக்காரர் தும்மினால்கூடக் காதில் விழாது. ஊரில் எத்தனையோ பேர் அவள் செய்த பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவரையும் அவள் பார்த்ததில்லை.

அம்மா ஆறு வருடம் படுத்த படுக்கையாக இருந்து போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டில் பேசுவதற்கு மிச்சமிருந்தது குளிர்சாதனப் பெட்டி ஒன்றுதான். வெளிநாட்டில் இருக்கும் தங்கை வாரம் ஒருமுறை கூப்பிடுவாள். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "உடம்பு?" "இருக்கு." அதற்கு மேல் இருவருக்குமே சரக்கு கிடையாது.

ஆகவே, அந்தப் பதினோரு பேரில் ஒருவர் தங்கள் வாட்ஸப் குழுவுக்குக் கூப்பிட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. 'உயரம் தாண்டியவர்கள்' என்று பெயர். சின்ன வயதில் ராட்டின வாசலில் நிற்கும் அளவுகோலைத் தலை தொட்ட நாளை, மற்றவர்கள் கல்யாண நாளைச் சொல்வதுபோல் தேதியோடு சொல்லக்கூடிய நாற்பத்து மூன்று பேர். அவர்கள் சொல்லித்தான் அந்த இரும்பெல்லாம் புது ரோலர் கோஸ்டருக்கு என்று அவளுக்குத் தெரிந்தது. அவர்களில் பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. எந்த வளைவில் எவ்வளவு வேகம் என்று பழைய டிக்கெட்டின் முதுகில் போட்டுப் பார்த்துப் படம் எடுத்து அனுப்புவார். அதனால் அவர் பெயர் 'கணக்கு'. தலைகீழாகச் சுற்றும் வளையம் என்றால் உயிரை விடும் ஒரு நர்ஸ், 'சுருள்'. இரண்டு நாள் பயண தூரத்தில் இருந்த ஒரு லாரி ஓட்டுநர், வெறும் 'லாரி'. இவளுக்கு வைத்த பெயர் 'ஜன்னலக்கா'.

காலை ஆறே முக்காலுக்குப் படம் போட வேண்டும். அது எழுதாத ஒப்பந்தம். ஒரு நாள் பத்து நிமிடம் தாமதமானதற்கு, "அக்கா, உசுரோட இருக்கீங்களா?" என்று நான்கு பேர் கேட்டார்கள். அன்று கூடத்துக்குப் போகும் வழியெல்லாம் அவள் அந்த நாலு வரியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள்.

எட்டு மாதம் அப்படி ஓடியது. எந்த எண் துண்டு எங்கே போய் உட்காரும் என்று அவளுக்கே அத்துப்படியாகிவிட்டது. ஒரு மதியம், சாப்பிட்டு முடித்த கையோடு மெழுகுக் கம்பியை வளைத்து கோஸ்டர் ரயில் போகும் பாதையை மாவுப் பலகை மேல் நட்டு வைத்திருந்தாள். முதலாளி வந்து கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"இது யாருக்கும்மா? பல்வரிசை இப்படியா போகும்? ஆளு கடிச்சா காதுல போய் முட்டும் போலிருக்கே."

"பழக்கத்துக்குப் பண்ணிப் பார்த்தேன் சார்."

"பழகுங்க, பழகுங்க. ராட்சசனுக்குப் பல் கட்டற ஆர்டர் வந்தா நம்ம கைவசம் ஆள் இருக்கணும்ல."

இதில் இன்னொரு விஷயம், அவள் வாழ்நாளில் ரோலர் கோஸ்டரில் ஏறியதே இல்லை. முதலில் யாரும் கேட்கவில்லை. பிறகு சொல்ல நேரம் வரவில்லை. ஆனால் ஆறாவது மாதம் வாக்கில், உச்சியிலிருந்து முதல் இறக்கத்தைப் பொருத்திய அன்று, ஏறிப் பார்த்தே தீர வேண்டும் என்ற ஆசை அவளுக்கு வந்துவிட்டது. பல் வலிபோல் வந்தது, போகவே இல்லை.

கடைசித் துண்டும் ஏறிய பிறகு பேச்சு முதல் ரயிலைப் பற்றித் திரும்பியது. ஒரு கோஸ்டரின் முதல் நாள் முதல் ரயிலில் ஏறுவது என்பது இவர்களுக்குக் கிடைத்தற்கரிய பேறு. ஆனால் பூங்காக்காரர்கள் தேதியை முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். கூட்டம் அள்ளும் என்று ஒரு காலையில் சத்தமில்லாமல் கதவைத் திறந்துவிடுவார்கள். அதைத் தெரிந்துகொள்ள இவர்களிடம் ஒரு குறி இருந்தது. சோதனை ஓட்டத்தில் முதலில் மனிதர்களை ஏற்ற மாட்டார்கள். தண்ணீர் நிரப்பிய தலையில்லாத பொம்மைகளை இருக்கையில் கட்டி ஓட்டுவார்கள். பொம்மையை இறக்கிவிட்டு ஆளை ஏற்றினார்கள் என்றால் அன்றிலிருந்து ஒரு வாரத்துக்குள் திறப்பு. பொம்மை இறங்கி ஆள் ஏறும் நாளுக்காக இருபது ஊர் ஆட்கள் அவள் ஜன்னல் வழியாகக் காத்திருந்தார்கள்.

இருக்கைகள் ஜோடி ஜோடியாக இருந்தன. யார் யாரோடு என்று ஒரு மாலை முழுக்கச் சண்டை. புருஷன் பெண்டாட்டி, அண்ணன் தம்பி, கூட வேலை செய்கிறவர்கள் என்று எல்லோரும் சேர்ந்துகொண்ட பிறகு இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

"அக்கா, நீங்களும் நானும் கடைசி வரிசை," என்று எழுதினார் லாரி. "கவலைப்படாதீங்க. கடைசி வரிசைலதான் நல்லாத் தூக்கும். முன்னாடி உக்கார்றவங்க எல்லாம் போட்டோவுக்கு ஏர்றவங்க."

அன்று அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்தடுத்த நாள்களில் வேறு ஒன்று கண்ணில் பட ஆரம்பித்தது. யாரோ வேறு ஊரில் ஒரு பூங்கா புது நிலம் வாங்கியிருப்பதாகச் செய்தி போட்டார்கள். அதற்கு முப்பது பதில். "அங்க யாருக்காவது தெரிஞ்சவங்க வீடு இருக்கா?" என்று சுருள் கேட்டிருந்தாள். இவள் அந்த வரியைப் பார்த்தபடி காபியை ஆறவிட்டாள். கட்டி முடித்த பிறகு, கட்டுவதைப் பார்க்கிற ஜன்னல் எதற்கு?

ஒரு திங்கட்கிழமை காலை ரயில் சங்கிலியில் ஏறிக்கொண்டிருந்தது. அதில் தலைகள் இருந்தன. மஞ்சள் சட்டை போட்ட பன்னிரண்டு தொழிலாளர்கள். உச்சியில் ஒருவர் கையை மேலே தூக்கினார்.

அவள் படம் எடுத்தாள். குழுவைத் திறந்தாள். பிறகு, ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஏழு எட்டு எடுத்து வைத்திருந்ததில் ஒன்றை, பொம்மைகள் இருக்கும் படத்தை, போட்டாள்.

"இன்னும் பொம்மைதானா? சரி, பொறுத்தது பொறுத்தாச்சு," என்றார் கணக்கு. வழக்கமான கேலி, வழக்கமான வாக்குவாதம். ஒரே ஒரு நாள் என்றுதான் அவள் நினைத்தாள். செவ்வாயன்றும் அப்படித்தான் நினைத்தாள்.

புதன்கிழமை லாரி தனியாகக் கேட்டார்: "அக்கா, தொறமுகத்துக்கு ஒரு லோடு வருது. எடுத்தா திரும்ப ஒம்பது நாள் ஆகும். இன்னும் பொம்மைதானே? எடுக்கலாமா?"

அவள் மெருகுச் சக்கரத்தை நிறுத்தினாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல வேளை வாய்க்காது என்று அவளுக்குத் தெரிந்தது. சொன்னால் இரண்டு நாள் ஏன் மறைத்தாள் என்ற கேள்வி வரும். "பொம்மைதான்," என்று எழுதிவிட்டுச் சக்கரத்தை மறுபடி போட்டாள். கையிலிருந்த பல் செட்டில் ஓர் ஓரத்தை அளவுக்கு மீறித் தேய்த்து, அதை முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று.

வியாழக்கிழமை படம் போட்ட ஐந்தாவது நிமிடம் கணக்கு வந்தார்.

"ஏம்மா, ஒரு சந்தேகம். அந்த வெளக்குக் கம்பத்து மேல ஒரு காக்கா உக்காந்திருக்கே."

"ஆமாண்ணே."

"திங்கக்கெழமையும் உக்காந்திருந்துச்சு. செவ்வா, புதனும். அதே கம்பம், வாலு அதே பக்கம்."

"அதுக்கும் தண்ணி ஊத்திக் கட்டி வெச்சிருப்பாங்க அண்ணே," என்றாள் சுருள். சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

சிரிப்புக்கு நடுவே லாரியின் கேள்வி வந்தது. "அக்கா, எல்லாம் ஒரே நாள் எடுத்த படமா?"

காக்கை தினமும் அங்கேதான் உட்காரும் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவள் அதை எழுதவும் எழுதினாள். அழித்தாள். திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று நான்கு உண்மைப் படங்களையும் ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டாள். நான்கிலும் தலைகள்.

அதன் பிறகு குழு கொதித்தது. லீவு சொல்லவில்லை, டிக்கெட் எடுக்கவில்லை, நாலு நாள் போச்சே என்று ஆளாளுக்கு. "ஏன் இப்படிச் செஞ்சே?" என்று கணக்கு கேட்டதற்கு மட்டும் பதில் எழுதினாள்: "தெறந்துட்டா என்கிட்ட யாரும் பேச மாட்டீங்கன்னு தோணுச்சு."

மதியம் கூடத்தின் மாடிப்படியில் நின்று லாரியைக் கூப்பிட்டாள். எட்டு மாதத்தில் குரல் கேட்பது அதுதான் முதல்முறை. நினைத்ததைவிட மெல்லிய குரல்.

"எங்க இருக்கீங்க?"

"பாதி வழி தாண்டியாச்சு. இனி திருப்ப முடியாது."

"நான் வேணும்னு உங்களை..."

"தெரியும்க்கா." பின்னால் எஞ்சின் இரைந்தது. "காலைல வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி நான் பாக்கறது உங்க படம்தான். மத்தவங்களுக்குக் கோஸ்டர். எனக்கு, யாரோ ஒருத்தங்க எழுந்துட்டாங்கன்னு இருக்கும். தொறந்தப்புறமும் கேட்டிருப்பேன். வானம் எப்படி இருக்குன்னாவது கேட்டிருப்பேன்."

அவள் விரலில் ஒட்டியிருந்த மாவுத்தூளைத் துப்பட்டாவில் துடைத்தாள்.

"இப்ப என்னன்னு தெரியல. வெச்சிடறேன். செக்போஸ்ட் வருது."

சனிக்கிழமை கதவு திறந்தது. முந்திய நாள் மாலையே பாதைக்குத் தோரணவிளக்கு கட்டுவதைப் பார்த்து அவள் சொல்லிவிட்டிருந்தாள். அவசரத்தில் கிளம்ப முடிந்தவர்கள் பதினாறு பேர்தான். பூங்கா வாசலில் அவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவள் போனபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர் நேரில் குள்ளமாக இருந்தார். அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"வந்துட்டியா. வா. வரிசைல நில்லு."

கோபம் தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது, தீரவில்லை என்றும் சொல்ல முடியாது. வரிசை நகர்ந்து மேடைக்கு வந்தது. அங்கே ஒரு சிக்கல். பை, கைப்பேசி, கண்ணாடி எல்லாவற்றையும் வைக்கிற பெட்டிகளை இன்னும் பொருத்தவில்லை. மேடைக்காரப் பெண் தலையைச் சொறிந்தாள்.

"யாராவது ஒருத்தர் கீழ நின்னு பாத்துக்கணும். இல்லன்னா ஏத்த முடியாது."

எல்லோரும் வேறு எங்கோ பார்த்தார்கள். முதல் ரயில் ஒருமுறைதான்.

"என்கிட்ட கொடுங்க," என்றாள் அவள்.

"அக்கா, உங்க சீட்டு இருக்கே," என்றாள் சுருள். "கடைசி வரிசை."

"பரவால்ல. தனியா என்ன ஏறி."

சுருள் அவளைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள். பிறகு கழுத்துச் சங்கிலியையும் கழற்றி அவள் கையில் வைத்தாள். பதினாறு பேருடைய பைகள் காலைச் சுற்றிக் குவிந்தன. கண்ணாடிகளைத் துப்பட்டாவில் முடிந்துகொண்டாள். கைப்பேசிகளைத் தன் பைக்குள் போட்டாள். கடைசி வரிசையில், பின்னால் காத்திருந்த யாரோ ஒரு கணவனும் மனைவியும் ஏறிக்கொண்டார்கள். மனைவிக்கு ஏறுவதற்கு முன்பே பயம். கணவன் ஏதோ சொல்லி அவள் கையை எடுத்துத் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டான்.

ரயில் மெதுவாக ஏறியது. அடியில் நின்று பார்க்கும்போது அது அவள் அறிந்த கோஸ்டராகவே இல்லை. வயிற்றுப் பக்கம் மட்டும் தெரிந்தது. உச்சியில் ஒரு கணம் நின்றதுபோல் இருந்தது, அப்புறம் மொத்தமாக விழுந்தது. அத்தனை அலறலில் யார் குரல் யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. எட்டு மாதம் பேசிய ஆட்கள் எல்லோரும் மேலே இருந்தார்கள்; அவர்களுடைய பேச்சு முழுவதும் கைப்பேசிகளாக அவள் தோளில் கனமாகத் தொங்கிக்கொண்டிருந்தது, ஒன்றுகூட அதிரவில்லை.

பிறகு ஒன்று அதிர்ந்தது. அவளுடையது.

"தொறந்தாச்சா?" லாரி.

"இப்பதான் மொத ரயில் போகுது."

"நீங்க ஏறலியா?"

"பை பாத்துக்கறேன்."

ரயில் திரும்பி வந்து, ஆட்கள் முடியெல்லாம் பறக்க, கண்ணில் நீரோடு இறங்கினார்கள். ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். கண்டக்டர், கணக்கெல்லாம் தப்பு, தப்பு என்று தலையாட்டிக்கொண்டே கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டார். அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். வாங்கியவர்கள் அதை மறுபடியும் அவளிடமே கொடுத்துவிட்டு இரண்டாம் தடவைக்கு ஓடினார்கள்.

கைகள் நிறைந்திருந்ததால் செய்தி வந்ததை அவள் தாமதமாகத்தான் பார்த்தாள்.

"நான் வர இன்னும் ஒரு வாரமாவது ஆகும். அதுவரைக்கும் எப்படி இருந்துச்சுன்னு யார்கிட்டயும் கேட்டுக்காதீங்க. கடைசி வரிசை நம்மளுது."

அவள் பைகளைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, "சரி" என்று எழுதினாள்.

பக்கத்தில் நின்ற மேடைக்காரப் பெண், இறங்கி வருகிற கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டாள்: "எப்படி இருந்துச்சாம்க்கா?"

"நான் கேட்டுக்கலம்மா," என்று அவள் நகர்ந்து, அலறல் கொஞ்சம் குறைவாகக் கேட்கும் தூண் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள்.