ஜெரூஷாவுக்குச் சேராத ஜெபம்

மேற்குத் தாம்பரத்தில் அசரியா வாத்தியார் வீடு என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் மறுகேள்வி கேட்காமல் வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். அவ்வளவு மரியாதை. அந்தப் பாழாய்ப்போன மரியாதைதான் அவர் மகள் ஜெரூஷாவின் வாழ்க்கைக்குக் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம். ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லூரியில் சேரப்போகும் பிள்ளைகளைப் போதகர் முன்னால் கூப்பிடுவார். பெற்றவர் எழுந்து பிள்ளையின் பேரையும் படிப்பையும் மைக்கில் சொல்ல வேண்டும். போதகர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். ஐ.டி.ஐ.க்குப் போகிறவர்கள் வரக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் அவர்கள் வந்ததில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அடுத்தவன் ஜெபத்துக்கு ஆமென் சொல்லிவிட்டுப் போவார்கள்.

2001இல் ஜெரூஷா பிளஸ் டூ கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறி, ஐ.டி.ஐ.யில் டர்னர் பிரிவில் சேர்ந்தாள். லேத்தில் இரும்பைக் கடைந்தெடுக்கும் படிப்பு. அவளுக்கு அது பிடித்திருந்தது. வாத்தியாருக்குத்தான் தூக்கம் போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றார், தொண்டையைச் செருமினார், "ஜெரூஷா, இன்ஜினியரிங்" என்றார். லேத்தும் இன்ஜினியரிங்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாராம். நல்ல சமாதானம். பதினேழு வயதுப் பெண், மைக்குக்கு முன்னால் அப்பாவை எதிர்த்து என்ன பேசுவாள்? தலையைக் குனிந்து, வேறு யாருக்கோ சேர வேண்டிய ஜெபத்தை வாங்கிக்கொண்டாள்.

ஐ.டி.ஐ.யை முடித்தாள். அப்ரென்டிஸ் முடித்தாள். பல்லாவரத்தில் ஒரு பட்டறையில் வேலைக்கும் சேர்ந்தாள். சபையில் யாராவது கேட்டால், "கம்பெனியில இருக்கா" என்று வாத்தியார் பேச்சை மாற்றிவிடுவார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்துவிடுவாள்.

2006இல் அவளோடு அப்ரென்டிஸ் இருந்த தனசேகர்தான் விஷயத்தைச் சொன்னான். "ஜெரூ, சேலையூர் பக்கம் பாலிடெக்னிக்ல ஈவ்னிங் டிப்ளமோ கீது. ஐ.டி.ஐ. முடிச்சு வேலையில கீறவங்களுக்குத்தான் சீட்டே. நான் போன வருசம் சேர்ந்துக்கினேன். டிப்ளமோ முடிச்சா பி.இ. ரெண்டாம் வருசம் நேரா பூந்துடலாம். வுட்றாத."

அவள் அன்றைக்கு வீட்டுக்கு நடக்கவில்லை, பறந்தாள். லேத்திலிருந்து பி.இ. வரைக்கும் ஒரு வழி இருக்கிறது என்று அதுவரை அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

நேர்காணலுக்குப் போனால், மேசைக்கு அந்தப் பக்கம் பாலிடெக்னிக் தாளாளர் தேவானந்தம். சபையில் முன்வரிசையில் உட்காருகிறவர். அவள் நீட்டிய சான்றிதழ்களைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"நீ அசரியா வாத்தியார் பொண்ணுதானே? இன்ஜினியரிங் படிச்சவளாச்சே. ஐ.டி.ஐ. பசங்களுக்குன்னு வெச்ச சீட்டுக்கு ஏன் வர்றே?"

"இல்ல அங்கிள், நான் படிச்சது ஐ.டி.ஐ. இதோ சர்டிபிகேட்."

"உங்கப்பா சபையில, தேவசமூகத்துல நின்னு சொன்னாரேம்மா. டாடியைக் கூட்டிட்டு வா."

அரசாங்க முத்திரை குத்திய சான்றிதழ் கையில் இருக்கிறது. தேர்வு எழுதியவள் எதிரில் நிற்கிறாள். ஆனால் வாத்தியார் வாய் திறந்து சொன்னால்தான் நம்புவாராம். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

வீட்டில் அவள் கெஞ்சினாள். "டாடி, ஒரே ஒரு வார்த்தை. என் பொண்ணு டர்னர்னு சொல்லுங்க. சீட்டு கிடைச்சிடும்." வாத்தியார் தலையாட்டினார். மறுநாள் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். தேவானந்தத்தின் முன்னால் உட்கார்ந்தார். அவள் பக்கத்தில் நின்றாள்.

"இன்ஜினியரிங்தான் சேர்ந்தா பிரதர். ஒடம்பு முடியாம பாதியில விட்டுட்டா. ஐ.டி.ஐ. எல்லாம் அப்புறம் சும்மா போனது."

படித்து முடித்த மகளைவிடப் பாதியில் ஓடிவந்த மகள் அவருக்குக் கௌரவமாகப் பட்டிருக்கிறாள். என்ன மனுஷன் ஐயா இவர். தேவானந்தம் நாற்காலியில் சாய்ந்தார். "பாதியில விட்டுட்டு ஓடுற பொண்ணுக்கு எப்படி பிரதர் சீட்டுக் குடுக்கிறது? காத்துக்கிட்டிருக்கிறவங்க இருக்காங்க," என்றார். "நான் எதையும் விடல அங்கிள்," என்று ஜெரூஷா சொன்னது இரண்டு பேர் காதிலும் விழவில்லை. சீட்டு போயிற்று.

பஸ் நிறுத்தத்தில் வாத்தியார், "அடுத்த வருஷம் பார்க்கலாம்மா," என்றார்.

"அடுத்த வருஷம் எனக்கு என்ன வியாதின்னு சொல்லுவீங்க டாடி?"



அந்த வாரமே ஜெப ஞாயிறு வந்தது. போதகர் பிள்ளைகளைக் கூப்பிட்டார். ஏழெட்டுப் பேர் புதுத்துணியில் போய் நின்றார்கள். ஜெரூஷா எழுந்தாள். பட்டறைக்குப் போட்டுப்போகும் நீலக் கோட்டை வேண்டுமென்றே மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துபோய் வரிசையின் ஓரத்தில் நின்றாள். முன்வரிசையில் தேவானந்தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாத்தியார் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.

போதகருக்கு ஒன்றும் புரியவில்லை. "உனக்குத்தான் அப்பவே ஜெபம் பண்ணியாச்சேம்மா?"

"அது எனக்குப் பண்ணினது இல்லீங்க ஐயா. நான் படிச்சது வேற. முழுசா முடிச்சேன். பாதியில விடல. அதுக்கு இதுவரைக்கும் யாரும் ஜெபம் பண்ணல."

போதகர் என்ன செய்தார் தெரியுமா? அப்போதும் அவளைக் கேட்கவில்லை. மைக்கை முன்வரிசைப் பக்கம் திருப்பி, "வாத்தியாரே, பொண்ணு என்ன படிச்சிருக்கு?" என்றார்.

வாத்தியார் எழுந்தார். வாயைத் திறந்தார். ஜெரூஷா கையை நீட்டி மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க உக்காருங்க டாடி," என்றாள். "ஜெரூஷா. ஐ.டி.ஐ., டர்னர்."