ஒரே கீபோர்டு

சோப்பு டப்பா அளவுதான் இருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டி. முதலாளி அதை மேசையில் வைத்தபோது அது என் பிழைப்பையே ஆட்டிப்பார்க்கும் என்று எனக்குத் தெரியவில்லை. திண்டுக்கல் பழனி ரோட்டு மாடியில் எங்கள் லோக்கல் கேபிள் டிவி அறை, இரண்டாயிரத்துச் சொச்சம். அங்கே இரண்டு கம்ப்யூட்டர். டிவியில் படத்துக்கு அடியில் ஓடும் பிறந்தநாள் வாழ்த்து, கடை விளம்பரமெல்லாம் ஒன்றில் அடிப்போம். எண்டர் தட்டினால் அடுத்த நொடி ஊர் முழுக்க ஓடும். இன்னொன்று ஆபீஸ் கடிதங்களுக்கு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே கீபோர்டு, ஒரே மவுஸ் போதும்படி செய்வதற்குத்தான் அந்தப் பெட்டி.

நான்கு வருஷமாக அங்கே குப்பை கொட்டியவள் என்று முதலில் என்னிடம்தான் கொடுத்தார். இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். கீபோர்டு வேலை செய்தால் மவுஸ் செத்துப்போனது. பிறகு அக்கா கைக்குப் போனது. கூடப் பிறந்த அக்கா இல்லை. ரெட்டியார்சத்திரத்திலிருந்து வாக்கப்பட்டு வந்து, எங்களிடம் வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம் ஆனவர். பெட்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை, டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்கவில்லை. சாயங்காலம் கீபோர்டில் கண்ட்ரோல் பொத்தானை இரண்டு முறை சடக்கென்று தட்டினார். பீப் என்று ஒரு சத்தம். கீபோர்டும் மவுஸும் அடுத்த கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டன. கெட்டிக்காரப் பெண் என்றார் முதலாளி. நான்கு வருஷத்தில் என்னை அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஒவ்வொரு பீப்புக்கும் எரிந்தது. தலைவலி என்று சாக்குச் சொல்லி அந்தச் சத்தத்தை நிறுத்த வைத்தேன். அதையும் அக்கா புத்தகத்தைப் பார்த்தே செய்தார்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு கீபோர்டுக்கு எதற்கு இரண்டு ஆள் என்று முதலாளி விளையாட்டாகக் கேட்டார். எனக்கு விளையாட்டாகப் படவில்லை. மறுநாள் அக்கா பேங்குக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவரைப் பற்றி முதலாளிக்கு ஒரு மொட்டைக் கடிதம் அடித்தேன். தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவள் நான். திரையைப் பார்க்கமாட்டேன், எழுதிவைத்த தாளைத்தான் பார்ப்பேன். கண்ட்ரோல் பொத்தானை நான் மெதுவாகத் தட்டியதில் கீபோர்டு ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மாறவே இல்லை. மாறினால் சொல்லும் சத்தத்தையும் நானே நிறுத்தியிருந்தேன். சர்வீஸுக்கு வரும் ஆளிடம் சிரித்துப் பேசித்தான் இவர் இந்த வேலையெல்லாம் கற்றுக்கொண்டார் என்று, அக்காவின் பெயரோடு, மத்தியானப் படத்துக்கு அடியில் ஊர் முழுக்க ஓடியது. போன் அடிக்கத் தொடங்கிய பிறகுதான் தலை நிமிர்ந்தேன்.

முதலாளி என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். ஆனால் மறுநாள் வேலையை விட்டு நின்றது அக்காதான். புருஷன் வீட்டார் அனுப்பவில்லை. வேறு ஆள் இல்லாததால் என்னை வைத்துக்கொண்டார்கள்.

பத்து நாளில் ஒரு பெரிய இடி இடித்து, பெட்டி பழையபடி முரண்டு பிடித்தது. வேறு வழியில்லாமல் அக்கா வீட்டுக்குப் போன் போட்டேன். என் குரல் கேட்டதும் வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. எந்த ஒயரைப் பிடுங்க வேண்டும், எதை முதலில் சொருக வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். மவுஸ் நகர்ந்தது. அதன் பிறகு கேட்டார்.

"நான் புஸ்தகத்தப் பாத்துத்தான இம்புட்டும் செஞ்சேன்? நீ பக்கத்துலதான இருந்த?"

"ஆமாக்கா."

"எங்க அத்தை இங்கதான் இருக்காக. இத அவுககிட்ட ஒரு வார்த்த சொல்லு. நாளைக்கே வேலைக்கு வந்துருவேன்."

ரிசீவர் கை மாறுவது கேட்டது. யாரு பேசுறது என்று ஒரு வயதான குரல் இரண்டு முறை கேட்டது. சொன்னால் நாளைக்கு அந்தக் கீபோர்டுக்கு முன்னால் நாற்காலியில் யார் உட்காருவார் என்று எனக்குத் தெரியும். போனை வைத்துவிட்டேன்.

அதன் பிறகு ஒன்பது வருஷம் அங்கே வேலை பார்த்தேன். இப்போது அந்த மாடியில் துணிக்கடை இருக்கிறது; பெட்டி எந்தக் குப்பைக்குப் போனதோ. அக்கா அப்புறம் எங்கேயும் வேலைக்குப் போகவில்லை என்று போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் கேள்விப்பட்டேன். கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான்.