ஏழாம் நம்பர் ஆட்டின் இடது கால்

ஆராய்ச்சிக் கூடத்தில் அவருக்குப் ‘போலீஸ்’ என்று பெயர். வேலை என்னவோ ஆடுகளைப் பார்த்துக்கொள்வதுதான். பத்தொன்பது வருடமாக அதே கொட்டில், அதே ரப்பர் பூட்ஸ். ஆனால் தீவன மூட்டை வந்தால் தையலைப் பிரித்து, முழங்கை வரை விட்டுத் துழாவாமல் உள்ளே விடமாட்டார். சர்க்கரை டப்பாவில் கோடு போட்டு வைத்திருப்பார். தூரத்தில் இரண்டு பேர் சிரித்தால் போதும், அன்றைக்கு முழுக்க அவருக்கு வேலை ஓடாது. “உங்களைப் பெத்தாங்களா, சந்தேகத்தைப் பெத்து உங்க பேரை வெச்சாங்களா?” என்று அவர் மனைவியே கேட்பாள்.

அந்தக் கூடத்தில் ஆட்டின் இதயத்தை வைத்துப் பேஸ்மேக்கர் சோதிப்பார்கள். இதயத்தின் மேலறையில் கிளம்பும் மின்துடிப்பு கீழறைக்கு இறங்க ஒரு வழி உண்டு. அந்த வழியைச் சுட்டு அடைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு ஆடு எழுந்து தழை மெல்வதெல்லாம் இடது தோளடியில் தைத்து வைத்த சின்னப் பெட்டியின் புண்ணியம். இதயம் தானாகத் துடித்தால் பெட்டி பேசாமல் இருக்கும். துடிக்கவில்லையென்றால் ஒரு தட்டுத் தட்டும். நிமிடத்துக்குத் தொண்ணூறு என்று கணக்கு.

அதே வகைப் பெட்டிதான் மூன்று மாதமாகப் போலீஸின் மனைவியின் இடது தோளடியிலும் இருந்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் வைத்தது. அன்றிலிருந்து அவருக்கு ஆடு ஆடாகத் தெரியவில்லை. ஒவ்வொரு ஆடும் நன்றாக இருந்தால் வீட்டில் அவளும் நன்றாக இருப்பாள் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்.

மெஷின் ஆயிரம் சொல்லட்டும், அவர் தன் விரலைத்தான் நம்புவார். காலையில் ஆட்டின் இடது முன்னங்காலைத் தூக்கித் தன் தொடைமேல் போட்டுக்கொண்டு, அக்குளுக்குள் விரலை விட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணுவார். ரோமம் அடர்ந்த உடம்பில் துடிப்பு நன்றாகத் தெரிவது அங்கேதான் என்பது அவர் கண்டுபிடிப்பு. யாரும் சொல்லித் தந்ததில்லை, அவரும் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் திருடிக்கொண்டு போய்விடுவார்களாம்!

திங்கட்கிழமை ஏழாம் நம்பர் ஆட்டில் துடிப்பு இரண்டு இடத்தில் விட்டுப்போனது. செவ்வாய் மூன்று. புதன் நான்கு. ஆனால் அந்த ஆட்டைக் கவனிக்கும் சின்ன டாக்டர் எடுத்த இதயத்துடிப்பு வரைபடத்தில் ஒரு பிசிறு இல்லை. கோயில் கோலம் மாதிரி ஒழுங்காக ஓடியிருந்தது கோடு.

போலீஸுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. சின்ன டாக்டர் அடுத்த வாரம் பெரிய கூட்டத்தில் இந்தப் பெட்டியைப் பற்றிப் பேசப் போகிறாள். விட்டுப்போன துடிப்பை மறைக்கிறாள், வேறென்ன? சாப்பாட்டு நேரத்தில் அவள் மேஜைக்கடியில் குனிந்து குப்பைக்கூடையைக் கிளறினார். கிழித்துப்போட்ட காகிதங்களை ஒட்டுப்போட்டுப் பார்த்தார். அவையும் சுத்தம். ‘குப்பைகூட இவ்வளவு சுத்தமா இருந்தா அதுலயே ஏதோ இருக்கு’ என்று நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மனைவியைக் கேட்டார், “உனக்கு மயக்கம் கியக்கம் ஏதாவது வருதா?”

போன மாதம் அவள்தான் சொல்லியிருந்தாள், துணி காயப்போடும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்று. ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து வரைந்து பார்த்தார்கள், கோடு சுத்தமாக வந்தது. அப்போது இவர் என்ன செய்தார்? “சமைக்கும்போது வராது, டிவி பாக்கும்போது வராது, கொடிக்கயித்தைப் பாத்தா மட்டும் வருமா? துணி காயப்போடற வேலையை என் தலையில கட்டப் பாக்கறே, அதானே?” என்று ஒரு பிடி பிடித்தார். அங்கே காகிதம் சொன்னது சத்தியம், இங்கே காகிதம் சொல்வது பொய். இதுதான் போலீஸ் நியாயம்!

“அதெல்லாம் ஒண்ணும் வரலைங்க” என்றாள் அவள், நெற்றி முடியை இழுத்துவிட்டபடி.

அவருக்கு அப்பாடா என்றிருந்தது. வாழ்க்கையில் அவர் சந்தேகப்படாமல் விட்ட பதில் அது ஒன்றுதான்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சின்ன டாக்டர் ஏழாம் நம்பரைக் கம்பிச் சட்டத்துக்குள் நிறுத்தி, ஒயர்களை மாட்டிக்கொண்டிருந்தாள். போலீஸ் எதிரில் போய் நின்றார்.

“டாக்டரம்மா, மூணு நாளா பாக்கறேன். ஆட்டுக்குத் துடிப்பு விட்டுப்போகுது. நீங்க மூடி மறைக்கறீங்க.”

அவள் முகம் சிவந்துவிட்டது. “நானா? அதுக்குத்தான் நேத்து என் குப்பைக்கூடையைக் கிளறினீங்களா?”

போலீஸ் ஆடு திருடின கள்ளன் மாதிரி முழித்தார்.

“சரி, என் கண்ணு முன்னாடி எண்ணுங்க, பாப்போம்” என்றாள் அவள்.

அவர் தன் அக்குள் ரகசியத்தைக் காட்டிக்கொள்ளாமல், ஆட்டின் பக்கவாட்டில் விரல் வைத்து எண்ணினார். சரியாகத் தொண்ணூறு. மறுபடி எண்ணினார். மறுபடியும் தொண்ணூறு. மானம் கப்பலேறியது. ஆட்டை மாற்றிவிட்டாளோ என்று காதில் மாட்டிய நம்பர் வில்லையை வேறு திருப்பிப் பார்த்தார்.

“தினமும் இப்படியேதான் எண்ணுவீங்களா?” அவள் குரலிலும் இப்போது சந்தேகம் தட்டியது.

சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தார். பிறகு சட்டத்தின் தாழைத் திறந்து, வழக்கம்போல இடது முன்னங்காலைத் தூக்கித் தொடைமேல் இழுத்தார். மற்ற ஆடுகள் காலைக் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்கும், இது மட்டும் இந்த வாரமாக முரண்டு பிடிக்கும். இப்போதும் உதறியது. தோள் சதை கல்லாக இறுகியது. திரையில் ஓடிக்கொண்டிருந்த கோட்டில் சின்னச் சின்னக் கிறுக்கல்கள் வந்தன. துடிப்பைக் காணோம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஆட்டின் பின்னங்கால்கள் மடங்கின.

“விடுங்கண்ணே! காலை விடுங்க!” என்று கத்தினாள்.

விட்டார். துடிப்பு வந்தது. ஆடு தள்ளாடி நின்று, ஒன்றுமே நடக்காதது போல அவர் சட்டையை மென்றது.

சின்ன டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சதை இறுகுதில்ல, அதுல வர்ற மின்துடிப்பை இதயம் துடிக்கறதா நெனச்சுக்குது பெட்டி. ‘அதான் தானாவே துடிக்குதே’ன்னு சும்மா இருந்துடுது. நாம எப்பவும் ஆட்டை அசையாம நிறுத்தித்தானே பாக்கறோம், எப்படித் தெரியும்? அண்ணே, நீங்க சொன்னது நெஜம். ஒரு கையைத் தூக்கி எதையாவது இழுத்தா...”

அவள் முடிக்கவில்லை. போலீஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்து இருபது. மொட்டைமாடியில் அவருடைய பெண்டாட்டி துணி காயப்போடும் நேரம். அவளோ இடது கைக்காரி.

போன் அடித்தது, அடித்தது, எடுக்கவில்லை. பூட்ஸைக்கூடக் கழற்றாமல் ஓடினார். சின்ன டாக்டர் பின்னாலேயே வந்து தன் காரில் ஏற்றிக்கொண்டாள். வழியெல்லாம் அவர் வாயில் ஒரே பேச்சு, “சொன்னாளே, சொன்னாளே பாவி மகராசி, நாந்தானே வாயை அடைச்சேன்.”

நாலு மாடி ஏற வேண்டும். பாதி வழியிலேயே அவள் இருந்தாள். ஈரத்துணி வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி முடி விலகியிருந்தது. அங்கே நாலு நாள் பழசான, மஞ்சளும் நீலமுமான வீக்கம்.

“எப்ப விழுந்தே?”

“ஞாயித்துக்கிழமை.”

“ஏன்டி எங்கிட்ட சொல்லலை?”

“சொன்னா நம்பவா போறீங்க?” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

போலீஸ் அந்தப் படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். “நம்பறேன். தப்புப் பண்ணிட்டேன். இனிமே நீ என்ன சொன்னாலும் நம்பறேன்.”

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். வேலை நேரத்தில் வீட்டுக்கு வந்திருக்கிறார், பூட்ஸோடு, பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு டாக்டர் வேறு. “என்னங்க, எதையோ மறைக்கறீங்க?”

“போற வழியில எல்லாத்தையும் சொல்றேன். நீ கையை மட்டும் தூக்காதே” என்றார்.

ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவளுடைய இடது கையைத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். விரல் தானாக மணிக்கட்டுக்குப் போய் எண்ணிக்கொண்டிருந்தது.