பழுப்பேறாத துண்டு

கட்டிகளைச் சோதிக்கும் அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘தப்பாதவ’. வைத்தவர்கள் பொறாமையில் வைத்தார்கள். அவளோ பெருமையாகவே சுமந்தாள். மெழுகில் பதித்த சதையை முடியைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சொட்டுச் சொட்டாக நிறமேற்றும் மருந்து விடுவதுதான் பிழைப்பு. கல்யாணம் கூடிவரவில்லை, பெற்றவர்களும் போய்விட்டார்கள். ஒட்டிக்கொண்டிருந்த ஒரே உறவு தங்கை.

அந்தத் தங்கையின் மார்பில் கட்டி.

“இத வேற யாராவது செய்யட்டுமே” என்றார் டாக்டரம்மா. தங்கை விடவில்லை. “நீயே செய்க்கா. உன் கைன்னா எனக்குப் பயமில்ல” என்றாள்.

செல்களை அடக்கி, இருந்த இடத்திலேயே இருத்தி வைக்கும் புரதம் ஒன்று உண்டு. அது இருந்தால் தகட்டில் பழுப்பு ஏறும். இல்லையென்றால் வெறும் நீலம்தான். பிறகு அந்தச் செல்களுக்குக் கடிவாளம் இல்லை. ரத்தத்தில் ஏறி எலும்பு, நுரையீரல் என்று கிளம்பிவிடக்கூடும். மருந்து சரியாக வேலை செய்ததா என்று தெரிய, தகட்டின் ஓரத்தில் நல்ல சதைத் துணுக்கு ஒன்றையும் ஒட்டுவார்கள். அது பழுப்பேறாவிட்டால் சோதனையே செல்லாது.

மைக்ராஸ்கோப்பில் தங்கையின் துண்டு நீலமாக இருந்தது. அவள் தகட்டை நகர்த்தினாள். ஓரத்துத் துணுக்கும் நீலம்! பதற்றத்தில் முக்கியமான மருந்தை விடவே மறந்திருக்கிறாள். குப்பி திறக்காமலே நின்றது.

“என்னடி, உனக்கே தப்பிடுச்சா? யானைக்கும் அடி சறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க” என்று பக்கத்து மேசைக்காரி சீண்டினாள்.

“சறுக்கட்டும்டி, நல்லா சறுக்கட்டும்!” வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது அவளுக்கு. வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படிச் சிரித்ததில்லை.

மறுபடி செய்தாள். இந்த முறை எதையும் மறக்கவில்லை. ஓரத்துத் துணுக்கு அழகாகப் பழுப்பேறியிருந்தது. தங்கையின் துண்டு நீலமாகவே கிடந்தது.

இன்னொரு தரம் செய்ய மனம் அடித்துக்கொண்டது. செய்து என்ன ஆகப்போகிறது? பாழாய்ப்போன கை, இந்த முறையும் தப்பியிருக்கக் கூடாதா? டாக்டரம்மா பார்த்துவிட்டு, “எங்கயாவது பரவியிருக்கான்னு உடனே ஸ்கேன் எடுத்துடலாம்” என்றார்.

சாயங்காலம் தங்கை போன் செய்தாள்.

“நீயேதான செஞ்சக்கா?”

“நானேதான்டி.”

“அப்பாடா” என்றாள் தங்கை. “அப்ப தப்பா இருக்காது.”