நான் நசுக்கிய நாலு எலுமிச்சம்பழம்

டிரைவர் கிடைக்கவில்லை என்று யாராவது மூக்கால் அழுதால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படி அழுகிறவர்களில் முதல் ஆள் என் பழைய முதலாளி. புக்கிட் ரோத்தானில் அவருக்கு நாலு லோரிகள். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வெட்டிப் போடும் செம்பனைக் குலைகளை ஏற்றி எண்ணெய் ஆலையில் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் தொழில். அவருடைய ஆபீசில் நான் மூன்று வருஷம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன்.

"நம்ம பசங்க சோம்பேறி ஆயிட்டானுங்க லா. ஏர்கோன் ரூம்லதான் வேல வேணுமாம்," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். ஏர்கோன் அறையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொல்வார்.

நடைச் சீட்டு எழுதுகிறவள் நான். எனக்கா தெரியாது? ஒரு நடைக்கு இவ்வளவு என்றுதான் அங்கே சம்பளம். ஆலை வாசலில் ஐந்து மணி நேரம் வரிசையில் நின்றால் அது யார் கணக்கிலும் வராது. அளவுக்கு மேல் பாரம் ஏற்றச் சொல்வது முதலாளி. ரோட்டில் பிடித்தால் அபராதச் சம்மன் டிரைவர் தலையில். இருந்த நாலு டிரைவர்களில் ஒருவர் முதுகு வலிக்கு இரண்டு நாள் லீவு கேட்டார். "அப்ப ஒரேயடியா ஊட்டுலயே படுத்துக்க," என்றார் முதலாளி. அந்த டிரைவர் அப்படியே செய்தார். இன்னொருவர் புஞ்சாக் ஆலாமில் வேனில் பார்சல் போடப் போய்விட்டார். நாலு பேர் இரண்டு பேர் ஆனது இப்படித்தான்.

இரண்டு பேர் நாலு பேர் வேலையைச் செய்ய முடியுமா? குலைகள் ரோட்டோரம் கிடந்தன. வெட்டிய குலை மறுநாளுக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெய் கெட்டுவிடும். ஆலையில் விலையைக் குறைத்துவிடுவார்கள். ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் ஒரு அம்மா தினமும் போன் போடுவார். "மூணு நாளா கெடக்குது. ஈ மொய்க்குது. ஒங்களுக்கெல்லாம் மனசாட்சி இருக்கா?" என்று என்னிடம் கத்துவார். முதலாளி கைப்பேசியை எடுக்கமாட்டார், அதனால் திட்டெல்லாம் எனக்கு.

இத்தனைக்கும் என் கைப்பையில் லோரி லைசன்ஸ் இருந்தது. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவள் நான். ஆள் இல்லாத ஒரு வெட்டுக் காலத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் என்னை ஏற்றிவிட்டார், அப்புறம் இறக்க அவருக்கு மனம் வரவில்லை. தோட்ட நிலத்தை விற்று அங்கே வீடுகள் கட்டியபோது டிராக்டரும் போயிற்று, நான் ஆபீசுக்கு வந்து சேர்ந்தேன். பேனா பிடித்த கை ஸ்டியரிங்குக்கு ஏங்கியது. சனிக்கிழமைகளில் போய்ப் படித்து, ஒரு தடவை தோற்று, மறு தடவை பாஸ் பண்ணி, சரக்கு ஏற்றும் லைசன்ஸும் எடுத்தேன். எனக்கு ஒரு லோரி வேண்டும். வேறு எதுவும் அந்த மனிதரிடம் நான் கேட்கவில்லை.

மூன்று தடவை கேட்டேன். மூன்றாம் தடவை சிரித்தார். "இது பொம்பள ஓட்டற தொழிலா? நாளைக்கி ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா ஒம் புருசனுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார். என் புருஷனே கேட்காத பதில் அது.

அந்த வருஷம் ஆயுத பூசை வந்தது. லோரிகள் நிற்கும் எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பூசை முடிந்ததும் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைப்பார்கள். அதை எந்த டிரைவர் ஏற்றி நசுக்குகிறாரோ, அடுத்த பூசை வரை அந்த லோரி அவருடையது. பழம் நசுங்காத லோரி பாரம் ஏற்றாது. இதில் முதலாளிக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

டிரைவர் இரண்டே பேர் என்று தெரிந்தும் அவர் நாலு லோரிகளுக்கும் மாலை போட்டுப் பொட்டு வைத்தார். சொந்தக்காரர்கள் வந்திருந்தார்களே, கெத்து குறையக் கூடாதே! கோலம் போட்டது நான், சுண்டல் தாளித்தது நான். பூசாரி கற்பூரம் காட்டினார். இரண்டு டிரைவர்களும் தங்கள் தங்கள் லோரியை உருட்டி, பழத்தை நசுக்கி, கேட்டுக்கு வெளியே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். மற்ற இரண்டும் நின்ற இடத்திலேயே நின்றன.

"அப்பறம் என்னாப்பா? இதையும் உருட்டி வுடுங்க," என்றார் முதலாளி.

"ஒன்னுக்கே இடுப்பு ஒடியுது பாஸ். இன்னொன்ன நசுக்குனா அதுவும் எங்க தலையிலதான் வரும். முடியாது லா," என்றார் மூத்த டிரைவர். மற்றவர் சுண்டலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சொந்தக்காரர்கள் முன்னால் முதலாளியின் முகம் கறுத்துப்போனது. பூசாரி கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த வீட்டுப் பூசைக்கு அவருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று தெரியாது. தாம்பாளத்திலிருந்து சாவியை எடுத்தேன், சேலையைத் தூக்கிச் செருகினேன், மூன்றாவது லோரியில் ஏறினேன்.

எஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்தது. மெதுவாக விட்டேன். கீழே நாலு பழமும் ஒன்றாக நசுங்கின. கேட்டைத் தாண்டி, பெரிய ரோட்டில் ஒரு சுற்று வந்து, வந்த இடத்திலேயே பின்னால் எடுத்து நிறுத்தினேன். மூத்த டிரைவர் கை தட்டினார். அந்தச் சில நிமிஷம் நான் பட்ட சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை. வழக்கப்படி அந்த லோரி இனி என்னுடையது.

முதலாளி என்னைப் பார்க்கவில்லை. பூசாரியைப் பார்த்தார். "சாமி, இதே லோரிக்கு இன்னொரு நாலு பழம் வைங்க," என்றார். பூசாரி தயங்கினார், ஆனாலும் வைத்தார். முதலாளி தன் மச்சானைக் கூப்பிட்டார். அந்த ஆள் இன்சூரன்ஸ் விற்கிறவர், காருக்கு மட்டும் லைசன்ஸ் வைத்திருப்பவர். லோரியில் ஏறிக் கியரைத் தேடினார். இரண்டு தடவை எஞ்சின் அணைந்துபோனது. மூன்றாம் தடவை லோரி ஒரு குதி குதித்து, பழத்தை எப்படியோ நசுக்கி, என் கோலத்தின் மேல் போய் நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள்.

"போய் எல பொறுக்கும்மா," என்றார் முதலாளி என்னிடம். சுண்டல் தின்ற எச்சில் இலைகளை நான் பொறுக்கினேன். ஏன் பொறுக்கினேன் என்று இன்றைக்கும் என்மேலேயே எனக்கு ஆத்திரம்.

மறுநாள் அந்த ஐந்து ஏக்கர் அம்மா போன் போட்டார். மச்சான் இன்சூரன்ஸ் விற்கப் போய்விட்டார், லோரி நின்றுகொண்டிருந்தது. அந்த அம்மாவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். "நீ ஏம்மா இன்னும் அங்க ஒக்காந்திருக்க?" என்றார். அன்று சாயங்காலமே வேலையை விட்டேன்.

சுங்கை புரோங்கில் நெல் ஏற்றும் லோரிகளுக்கு முதலாளியான சீனத் தவுக்கே ஒருவர் என் லைசன்ஸைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. ரிவர்ஸ் எடுக்க வருமா என்று ஒரே கேள்வி. வாய்க்கால் ஓரமாக எடுத்துக் காட்டினேன், சாவியைக் கொடுத்தார். அவரும் புண்ணியவான் இல்லை. வரிசையில் காத்திருக்கும் நேரத்துக்கு அங்கேயும் காசு கிடையாது. அதற்காக அவரோடு வாரம் ஒரு சண்டை போடுகிறேன்.

போன மாதம் கோயிலில் பழைய முதலாளியைப் பார்த்தேன். அர்ச்சனைத் தட்டோடு நான் பின்னால் நின்றதை அவர் கவனிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் அழுதுகொண்டிருந்தார். "யாருக்கும் விசுவாசம் இல்ல லா. என்னோட நல்ல டிரைவர் ஒன்ன சுங்கை புரோங் தவுக்கே இழுத்துக்கிட்டாரு. பொம்பளதான், ஆனா கேட்டுக்குள்ள ஒரே எடுப்புல ரிவர்ஸ் வுடுவா."

மூன்று வருஷம் அவர் என்னை என்னென்னவோ கூப்பிட்டிருக்கிறார். டிரைவர் என்று கூப்பிட்டது அன்றுதான், அதுவும் திருட்டுப்போன சாமானைப் பற்றிச் சொல்கிற மாதிரி. அவருக்கு எதிரே போய் நின்றேன். திட்டுவதற்கு மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன், கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அதையும் அந்த ஆள் பார்த்துவிட்டாரே என்றுதான் இன்னும் எரிகிறது.